குற்றம் கோழியின் அலகிலா, கூட்டின் தரையிலா?

முட்டை குடிக்கப் பழகிய கோழிக்கு நம் ஊர்களில் வழிவழியாக மூன்று தண்டனைகள் உண்டு. முட்டையில் சிறு துளையிட்டு உள்ளிருப்பதை வடித்துவிட்டு, மிளகாய்ப்பொடியைக் கரைத்து ஊற்றிக் கூட்டில் வைப்பது ஒன்று. காய்ச்சிய இரும்பால் அலகின் நுனியைத் தீய்ப்பது இன்னொன்று. இரண்டுக்கும் மசியாத கோழி ஞாயிற்றுக்கிழமை குழம்பாகிவிடும். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான்: கோழிக்குக் கெட்ட புத்தி வந்துவிட்டது, அதைத் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் ஒழிக்க வேண்டும். கோழியைப் பற்றி இன்று தெரிந்திருப்பவற்றை வைத்துப் பார்த்தால் இந்த எண்ணம் நிற்காது. முட்டை தின்பது பெரும்பாலும் கூட்டின் தரையிலும் தீவனத் தட்டிலும் தொடங்கும் கோளாறு. கோழியின் அலகுக்கு அது கடைசியில்தான் வந்து சேர்கிறது. தரையையும் தட்டையும் அப்படியே விட்டுவிட்டுக் கோழியை மாற்றினால், அடுத்து வரும் கோழியும் அதையே செய்யும்.

இது புறக்கடை விவகாரம், நாளிதழில் எழுதும் அளவுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 2019இல் எடுக்கப்பட்ட 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, நாட்டிலுள்ள சுமார் 85 கோடி கோழியினங்களில் ஏறத்தாழ 31.7 கோடி புறக்கடையில் வளர்பவை. முந்தைய கணக்கெடுப்போடு ஒப்பிட்டால் இது கிட்டத்தட்ட 46 சதவீதம் அதிகம். தமிழக அரசும் நான்கு வார வயதுள்ள 40 நாட்டுக்கோழிக் குஞ்சுகளை 50 சதவீத மானியத்தில் ஏழைப் பெண்களுக்கு வழங்கும் திட்டத்தை நடத்தியிருக்கிறது. நாற்பதில் பாதி பெட்டையாக வளர்ந்தால் வீட்டுக்கு இருபது பெட்டைக்கோழிகள். நாளுக்கு இரண்டு முட்டை கூட்டுக்குள்ளேயே தொலைந்தால் மாதத்தில் 60 முட்டை போய்விடும். நாட்டுக்கோழி முட்டையைப் பத்து ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் 600 ரூபாய். பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கையிலேயே புழங்கும் காசு அது. கணக்கு நோட்டில் ஏறாது என்பதால் அதன் இழப்பும் யார் கண்ணிலும் படுவதில்லை.

மிளகாய் வைத்தியத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது அதைத்தான். அறிவியல் மிகத் தெளிவாகத் தவறென்று காட்டியிருப்பதும் அதைத்தான். மிளகாயின் எரிச்சலுக்குக் காரணம் கேப்சைசின் என்ற பொருள். சூட்டை உணர்வதற்கென்று நம் நரம்பு முனைகளில் இருக்கும் ஒரு புரதத்தில் அது போய் ஒட்டிக்கொள்வதால்தான் வாய் எரிகிறது. இந்தப் புரதத்தை 1997இல் அடையாளம் கண்டவர், பின்னர் 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட டேவிட் ஜூலியஸ். அவரும் ஸ்வென்-எரிக் யோர்ட்டும் 2002இல் இதே புரதத்தைப் பறவையினத்தில் ஆராய்ந்தார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட பறவை கோழிதான். கோழியின் புரதம் சூட்டை உணர்ந்தது, கேப்சைசினைக் கண்டுகொள்ளவில்லை. இதற்கு ஆய்வுக்கூடம்கூட வேண்டாம். கூண்டுக்கிளிக்குப் பழுத்த மிளகாயைக் கொடுத்து அது ரசித்துத் தின்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அதே வீட்டில், கோழிக்கு மட்டும் மிளகாய் உறைக்கும் என்று நம்புகிறோம். கடுகை அரைத்து வைத்தவர்களுக்கு எப்போதாவது பலன் கிடைத்திருக்கலாம். கடுகின் காரம் வேறொரு வழியில் வேலை செய்வது, கோழிக்கும் உறைக்கக்கூடியது. ஆனால் மிளகாய்ப்பொடி நிரப்பிய முட்டையால் நடப்பது ஒன்றுதான்: ஓட்டை உடைத்தால் உள்ளே தின்ன ஏதோ இருக்கிறது என்ற பாடத்தை நாமே இன்னொரு முறை நடத்துகிறோம்.

அப்படியானால் இவ்வளவு காலம் பலித்தது எப்படி என்ற கேள்வி நியாயமானது. நாட்டுக்கோழி ஆண்டு முழுவதும் விடாமல் முட்டையிடுவதில்லை. பத்து, பதினைந்து முட்டை இட்டதும் ஓய்ந்து அடைக்கு உட்கார்ந்துவிடும். தொல்லை தெரிந்து, நாலு பேரிடம் கேட்டு, மிளகாய் முட்டை தயார் செய்து வைப்பதற்குள் அந்த ஈட்டு முடிந்துவிடுகிறது. உடைப்பதற்கு முட்டை இல்லாததால் உடைப்பதும் நிற்கிறது. பெயர் மிளகாய்க்குப் போகிறது.

தண்டனைக்கு முன் விசாரணையும் சரியாக நடப்பதில்லை. முட்டை காணாமல் போனால் அது கோழியின் வேலையாகவே இருக்க வேண்டியதில்லை. பாம்பு முழுதாக விழுங்கிவிடும், ஓட்டுத் துணுக்குகூட மிஞ்சாது. காகம் கூட்டிலிருந்து தூக்கிப்போய் வேறெங்கோ வைத்து உடைக்கும். கீரியும் பெருச்சாளியும் தம் பங்குக்கு வரும். கோழியே தின்றிருந்தால் கூட்டு வைக்கோல் நனைந்து பிசுபிசுப்பாக இருக்கும், ஓட்டின் சிறு துண்டுகள் அதில் ஒட்டியிருக்கும், அலகிலோ கழுத்து இறகிலோ மஞ்சள்கரு காய்ந்திருக்கும். இந்த அடையாளங்களைத் தேடாமல் ஒரு கோழியைப் பிடித்துத் தண்டிப்பது வெறும் ஊகம்.

கோழிதான் என்று உறுதியான பிறகும், அது ஏன் தொடங்கியது என்பதே முக்கியம். முழு ஓட்டோடு உறுதியாக இருக்கும் முட்டையைக் கோழி தின்பண்டமாக நினைப்பதில்லை. அதற்கு அது அடைகாக்க வேண்டிய பொருள், இல்லாவிட்டால் ஒரு கல். ஏதோ ஒரு காரணத்தால் முட்டை உடைந்து மஞ்சள்கரு வெளியே வழிந்த பிறகுதான் அது உணவாகிறது. கோழி எதையும் கொத்திப் பார்க்கும் பறவை; சத்தான ஒன்று காலடியில் கிடந்தால் விட்டுவைக்காது. ஒன்று தின்பதைப் பார்த்து மற்றவையும் ஓடிவரும். அடுத்த கட்டமாக, உடைந்ததைத் தின்ற கோழி உடையாததையும் தட்டிப் பார்க்கிறது. ஆகவே முதல் முட்டை உடைந்த இடமே நாம் பார்க்க வேண்டிய இடம். இருபது பெட்டைகளுக்கு ஒரே ஒரு மூங்கில் கூடை இருந்தால், காலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மிதித்துத்தான் முட்டையிடும். சாக்குத் துணி மட்டும் விரித்த சிமெண்ட் தரையில் விழும் முட்டை மயிரிழை விரிசலோடுதான் தங்கும். நாலைந்து கோழிகளுக்கு ஒரு பெட்டி, அது ஓரடிச் சதுரத்தில், மூன்று நான்கு அங்குலம் வைக்கோலோ உமியோ நிரப்பி, வெளிச்சம் அதிகம் படாத மூலையில் இருக்க வேண்டும் என்று கோழி வளர்ப்பு நூல்கள் எல்லாம் சொல்வது இதற்காகத்தான். பெரும்பாலான முட்டைகள் முற்பகலுக்குள் விழுந்துவிடும். சாயங்காலம் கோழிகளை அடைக்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால், காலை எட்டு மணி முட்டை அந்தி வரை கோழிகளின் காலடியில் கிடக்கிறது. முற்பகலிலேயே இரண்டு முறை எடுத்துவிட்டால் பாதித் தொல்லை ஒழியும். முட்டை கண்ணில் பட்டால்தான் கோழி தொடர்ந்து அங்கே இடும் என்பதும் உண்மை. அதற்குப் பளிங்கிலோ மரத்திலோ செய்த போலி முட்டையைப் போட்டுவைத்தால் போதும். அதைக் கொத்திக் கொத்தி ஒன்றும் கிடைக்காமல் சில கோழிகள் சலித்து விட்டுவிடுவதும் உண்டு.

இனி ஓட்டின் கதை. முட்டை ஓடு ஏறத்தாழ முழுவதும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. 40 கிராம் எடையுள்ள நாட்டுக்கோழி முட்டையில் ஓடு மட்டும் சுமார் 4 கிராம். அதில் கால்சியம் ஏறத்தாழ ஒன்றரை கிராம். இந்த ஓட்டை முழுமையாகக் கட்ட இருபது மணி நேரம் ஆகிறது, பெரும்பகுதி வேலை இரவில் நடக்கிறது. தீவனத்தில் கிடைக்காத கால்சியத்தைக் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து ஓட்டில் போடும். ஒரு முட்டைக்கு உடலின் மொத்தக் கால்சியத்தில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு செலவாகிறது. நாம் போடுவது என்ன? அரிசிக் குருணை, மக்காச்சோளம், கம்பு, கொஞ்சம் தவிடு. இவற்றில் கால்சியம் மிக அற்பம். நாளுக்கு 80 கிராம் தானியம் தின்னும் கோழிக்கு அதிலிருந்து கிடைப்பது 0.04 கிராம் அளவில்தான் இருக்கும். அது முழுவதும் உடலில் சேர்ந்தாலும், ஒரு முட்டையின் ஓட்டுக்கு ஒரு மாதத்துக்கும் மேற்பட்ட தீவனம் தேவை. கேழ்வரகு ஒன்றுதான் விதிவிலக்கு. 100 கிராமில் 350 மில்லிகிராம் வரை கால்சியம் உண்டு. கேழ்வரகையே தின்று வாழும் கோழிக்குக்கூட ஓட்டின் தேவையில் ஐந்தில் ஒரு பங்கு எட்டாது. பண்ணைகளில் முட்டைக்கோழித் தீவனத்தில் மூன்றரை முதல் நான்கு சதவீதம் கால்சியம் இருக்கும்படி சுண்ணாம்புக்கல்லும் கிளிஞ்சலும் கலக்கிறார்கள். புறக்கடைக் கோழிக்குக் குருணையை வீசிவிட்டு ஓடு மெலிந்ததற்கு அதன்மேலேயே குற்றம் சொல்கிறோம்.

கால்சியம் குறைந்தால் கோழி முட்டையைத் தேடித் தின்னும் என்று பலர் சொல்வது பாதி உண்மை. கோழிக்குச் சுண்ணாம்புச் சத்துக்கென்றே தனிப் பசி உண்டு என்பதும், மாலை நேரத்தில் அது கூடும் என்பதும் ஆய்வுகளில் தெரிந்தவை. ஆனால் உடைந்த முட்டையில் அது முதலில் நாடுவது பெரும்பாலும் மஞ்சள்கருவை. கால்சியக் குறைவின் பெரிய பங்கு, ஓட்டை மெலிதாக்கி முதல் உடைப்பை உண்டாக்குவதுதான். கோடை இதை இன்னும் கெடுக்கிறது. வெயிலில் வாயைத் திறந்து இரைக்கும் கோழி உடலின் கரியமில வாயுவை அளவுக்கு மேல் வெளியேற்றுகிறது. ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் அதனால் குறைகிறது. தீவனமும் குறைத்தே தின்னும். சித்திரையில் வேலூரிலோ கரூரிலோ முட்டை ஓடு விரல் பட்டால் நொறுங்குவதற்கு இதுவே காரணம். வெள்ளைக்கழிச்சல் என்றும் ராணிக்கெட் என்றும் சொல்லப்படும் நோயிலிருந்து தப்பிய கோழிகளும் தோல் முட்டை இடுவதுண்டு. அங்கே கிளிஞ்சல் மட்டும் போதாது.

செய்ய வேண்டியது எளிது. கிளிஞ்சலை ஒன்றிரண்டாக இடித்துத் தனிக் கிண்ணத்தில், மாலையில் வைக்க வேண்டும். பொடியைவிடச் சிறு துண்டுகள் நல்லவை. இரைப்பையில் தங்கி, ஓடு உருவாகும் இரவு நேரத்தில் மெல்லக் கரைந்துகொண்டிருக்கும். தீவனத்தில் கலந்துவிடக் கூடாது, ஏனென்றால் சேவலுக்கும் குஞ்சுக்கும் அவ்வளவு கால்சியம் வேண்டியதில்லை; குஞ்சுகளின் சிறுநீரகத்தை அது கெடுக்கும். காசில்லாத வழியும் உண்டு: சமையலில் மிஞ்சும் முட்டை ஓட்டை வறுத்து நன்றாக நொறுக்கிப் போடலாம். ஓட்டைப் போட்டால் முட்டை தின்னக் கற்றுக்கொள்ளாதா என்று தயங்குபவர்கள் உண்டு. பாதி ஓட்டை அப்படியே வீசினால் அந்த அச்சம் நியாயம்தான். ஈரமும் கருவும் போக வறுத்து, முட்டையின் வடிவமே தெரியாதபடி நொறுக்கினால் கோழிக்கு அது வெறும் மணல். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கொடுப்பது மட்டும் கூடாது, வாயையும் குடலையும் அரித்துவிடும்.

இந்த இடத்தில் வலுவான மறுப்பு ஒன்று வரும். அந்தக் காலத்தில் யார் கிளிஞ்சல் வைத்தார்கள், யார் முட்டைப் பெட்டி செய்தார்கள், அப்போது கோழிகள் ஒழுங்காகத்தானே இருந்தன? அப்போதும் முட்டை குடிக்கும் கோழிகள் இருந்தன. மேலே சொன்ன மூன்று தண்டனைகளும் அந்தக் காலத்துச் சொத்துதான். ஆனாலும் மறுப்பில் ஓர் உண்மை இருக்கிறது. பழைய நாட்டுக்கோழி ஆண்டுக்கு ஐம்பது, அறுபது, மிஞ்சினால் எண்பது முட்டை இட்டது. ஈட்டுக்கு ஈட்டு இடையில் 21 நாள் அடை, பிறகு குஞ்சுகளோடு திரியும் காலம் என்று எலும்பு மீண்டும் தேறுவதற்கு நேரம் கிடைத்தது. குப்பைமேட்டில் புழுவும் நத்தையும் கரையானும் கிடைத்தன. சுண்ணாம்பு அடித்த சுவரைக் கொத்தித் தின்ன முடிந்தது. இப்போது திட்டங்கள் வழியாக வரும் கிராமப்பிரியா, வனராஜா போன்ற மேம்படுத்தப்பட்ட இனங்கள் நூற்றுக்கும் மேல் முட்டையிடும்படி உருவாக்கப்பட்டவை. பெரும்பாலும் அடைக்கும் உட்காராது. இடமோ சுருங்கிவிட்டது. தெருநாய்க்கும் அண்டை வீட்டாரின் புகாருக்கும் பயந்து, சிமெண்ட் தரை போட்ட முற்றத்திலும் மொட்டை மாடியிலும் அடைத்து வளர்க்கிறோம். கோழியையும் மாற்றிவிட்டோம், இடத்தையும் மாற்றிவிட்டோம். பராமரிப்பு மட்டும் பாட்டி காலத்து முறையிலேயே நிற்கிறது.

இவ்வளவும் செய்தும் பழகிப்போன கோழி நிறுத்தாமல் இருக்கலாம். அதற்கான தீர்வு எங்கோ வெளிநாட்டில் இல்லை, நாமக்கல்லில் இருக்கிறது. அங்குள்ள முட்டைப் பண்ணைகளில் முட்டை தின்னும் பேச்சு அரிதாகவே எழுவதற்குக் காரணம் அங்குள்ள கோழிகள் நல்லொழுக்கம் உள்ளவை என்பதல்ல. கம்பிக் கூண்டின் அடித்தளம் முன்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. முட்டை விழுந்ததும் உருண்டு வெளித்தட்டுக்குப் போய்விடுகிறது, கோழியின் அலகுக்கு எட்டுவதில்லை. கோழியைத் திருத்த யாரும் முயலவில்லை. தரையைச் சாய்த்தார்கள், அவ்வளவுதான். கூண்டு முறையின்மீது விலங்கு நல நோக்கில் கடுமையான விமர்சனங்கள் உண்டு, அவை நியாயமானவை; இறக்கையை விரிக்கக்கூட இடமில்லாத வாழ்க்கை அது. ஆனால் கூண்டை விட்டுவிட்டுச் சாய்வை மட்டும் எடுத்துக்கொள்ளத் தடை ஒன்றுமில்லை. பழக்கடையில் வீசப்படும் மரப்பெட்டி ஒன்று போதும். அதன் தரைப்பலகையை ஓரடிக்கு ஓரங்குலமோ ஒன்றரை அங்குலமோ பின்பக்கம் இறங்கும்படி பொருத்தி, மேலே பழைய கால்மிதியை விரித்து, பின்சுவரின் அடியில் முட்டை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு, அதற்குச் சாக்குத் திரை கட்டினால் முட்டை திரைக்குப் பின்னால் தேங்காய் நார் போட்ட தட்டில் போய் நிற்கும்.

சாய்வுப் பெட்டிக்கும் எதிர்வாதம் உண்டு. கோழிக்குக் குழிவான, மெத்தென்ற இடம்தான் பிடிக்கும், சரிவில் உட்கார மறுத்து வேலியோரத்தில் போய் இடும் என்பார்கள். முதல் சில நாட்கள் அப்படி நடக்கக்கூடும். சரிவை மிகையாக்காமல், உள்ளே இருட்டாக வைத்து, பழைய கூடையை அகற்றிவிட்டால் பெரும்பாலான கோழிகள் ஏற்றுக்கொள்ளும். இரண்டாவது வாதம் இன்னும் கனமானது: குஞ்சு பொரிக்க முட்டை வேண்டுமே, உருண்டு போகும் கூட்டில் எப்படி அடைவைப்பது? அடைவைக்கச் சாய்வுப் பெட்டி உதவாது என்பது உண்மைதான். இடுவதற்கு ஒரு பெட்டி, அடைக்கு மற்ற கோழிகள் நுழையாத தனிச் சட்டி என்று பிரித்துக்கொள்ள வேண்டும். பிரிப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. அடைக்கோழியின் அடியில் மற்றவை வந்து புது முட்டை இட்டு, இடித்து உடைப்பதும் நிற்கும்.

அலகைத் தீய்ப்பதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதத்தையும் பார்த்துவிடலாம். பண்ணைகளில் அலகு வெட்டுகிறார்களே என்பது அது. பண்ணையில் வெட்டுவது முக்கியமாக ஒன்றையொன்று கொத்திக் காயப்படுத்துவதைத் தடுக்க; பெரும்பாலும் சில நாள் வயதுக் குஞ்சுகளுக்கு, அதற்கான கருவியால், பழகிய கையால் செய்வது. அந்தக் கோழிக்குத் தீவனம் தட்டில் வந்து சேரும். மண்ணைக் கிளறிப் புழு பொறுக்கித் தின்ன வேண்டிய வளர்ந்த கோழியின் அலகு நுனி நரம்பு நிறைந்தது, அதன் பிழைப்புக்கான கருவியும் அதுதான். அதைச் சுட்டால் மேய்ச்சல் குறையும், சத்து குறையும், ஓடு இன்னும் மெலியும். வலி கொடுத்து வாங்கிய விளைவு, மேலும் உடையும் முட்டை. ஒரு கோழி மட்டும்தான் தொடக்கம் என்று உறுதியாகத் தெரிந்தால் அதைச் சில நாட்கள் தனியே வைத்து, பசுங்கீரைக் கட்டு ஒன்றைக் கொத்தும் உயரத்தில் தொங்கவிட்டுக் கவனத்தைத் திருப்பலாம். அதற்கும் சரிவராத கோழியைக் கழிப்பது வளர்ப்பவரின் உரிமை. யாரும் குறை சொல்ல முடியாது. தரையும் தீவனமும் சரியான பிறகு அந்த முடிவுக்கு வருவதுதான் முறை.

அரசின் பங்கு இங்கே வருகிறது. புறக்கடைக் கோழித் திட்டங்களைப் பற்றிய பேச்சு எத்தனை குஞ்சு, எவ்வளவு மானியம் என்பதோடு நின்றுவிடுகிறது. குஞ்சு முட்டையிடும் வயதுக்கு வர ஐந்தாறு மாதம் ஆகிறது. தொல்லை தொடங்குவது அப்போதுதான். குஞ்சு வழங்கும் நாளில் சொல்லும் அறிவுரை அதற்குள் மறந்துபோயிருக்கும். ஆண்டுதோறும் பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் ஊர் ஊராக நடக்கிறது. கோழி வைத்திருப்பவர்கள் தாங்களே தேடிவரும் நாள் அது. ஊசி போடும் இடத்தில் ஒரு மாதிரிச் சாய்வுப் பெட்டியும், வீட்டுக்குக் கால் கிலோ இடித்த கிளிஞ்சலும் வைத்திருந்தால் பெரிய செலவு ஆகாது. உங்கள் வீட்டில் எத்தனை பெட்டை, முட்டையிட எத்தனை இடம், காலையில் எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்று கால்நடை ஆய்வாளர் மூன்று கேள்வி கேட்க ஒரு நிமிடம் போதும். கோடையின் உச்சம் வர அப்போது இன்னும் இரண்டு மாதம் இருக்கும். மெலிந்த ஓடு தேற அந்த அவகாசம் போதுமானது.